மஞ்சள் தண்ணீரில் போன முத்திரை

ஈப்போ பசாரில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் சுகாதார இன்ஸ்பெக்டர். இறைச்சியில் ஊதா முத்திரை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இன்னொருவர் நம் ஜனம். அவர்கள் கண்ணில் அது படவே கூடாது. "என்ன அண்ணே, நல்ல நாளும் அதுவுமா கறியில மை?" என்று முகம் சுளிப்பார்கள். அறுப்புக்கூடத்தில் கால்நடை டாக்டர் பார்த்து, நோயில்லை என்று குத்திய முத்திரை அது, சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

தீபாவளிக்கு முதல் நாள் வியாபாரத்தை நம்பித்தான் என் கடை வருஷம் முழுக்க மூச்சு விடுகிறது. அன்று விடியும்போதே அறுப்புக்கூடத்திலிருந்து ஆடுகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் பசியாறப் போனேன். திரும்பி வந்தால், உதவிக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி ஒரு வாளி மஞ்சள் தண்ணீரோடு நிற்கிறான். எல்லா முத்திரையையும் சுரண்டிக் கழுவியிருந்தான்.

"பளிச்சுனு இருக்கு பாருங்க மச்சான். இனிமே ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க லா."

நான் வாய் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். "அண்ணே, முத்திரை எங்க?"

அறுப்புக்கூடத்துச் சீட்டை நீட்டினேன்.

"சீட்டு சரி அண்ணே. இந்தத் தொடை அந்த ஆட்டோடதுதான்னு யார் சொல்றது? எனக்கு உங்களத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாதே."

அவர் சொன்னது நியாயம்தான். மாட்டியிருந்த அத்தனை இறைச்சியும் பறிமுதலாகி லாரியில் ஏறியது. எப்போதும் மையைப் பார்த்து முகம் சுளிக்கும் ஓர் அக்கா பக்கத்தில் நின்றவரிடம், "நோய் ஆடு போல லா" என்றார். கடையைச் சாத்தினேன்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், தோசையோடு ஆட்டுக்கறிக் குழம்பு.

"கறி ஏது?" என்றேன்.

"லகாட் பக்கத்துல பழைய எஸ்டேட்ல, ரப்பர் மரத்தடியில ஆடு வெட்டிக் கூறு போட்டாங்க" என்றாள் மனைவி. "உங்க கடை சாத்திட்டதால ஊரே அங்கதான் நின்னுச்சு."

"டாக்டர் யாராவது பாத்தாங்களா?"

"அவங்க எதுக்கு? மை கிய் ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு பாருங்க."

அவள் தம்பி இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தான். நான் தோசைக்குச் சீனி தொட்டுக்கொண்டேன்.