விளக்கு வைக்க இடம்

இரண்டு தம்ளர்களையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, உதறி, சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்த்து வைப்பாள் பரிபூரணம். ஒன்று அவளுக்கு. மற்றது வருகிறவர்களுக்கு. இரண்டு பேர் சேர்ந்து வந்துவிட்டால், ஒருவர் குடித்து முடிக்கும்வரை மற்றவர் வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா தாகம் எடுக்கும்? செத்த நேரம் இரிங்க" என்பாள்.

ராஜபாளையத்தில் ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அவள் வீடு. ஒற்றை அறை, முன்னால் ஓடு இறக்கிய ஒரு தாழ்வாரம், சின்ன முற்றம். வயது நாற்பத்தாறு. புருஷன் இறந்து பதினைந்து வருஷமாகிறது. மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவம் பார்க்கக் கற்றுத் தேறியவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. நர்ஸம்மா என்றால் போதும்.

அலமாரியின் நடுத்தட்டில் மூன்று வெள்ளைச் சேலைகள். மேல்தட்டில் வேதபுத்தகம், பாட்டுப் புத்தகம், தொழிலுக்கான தோல் பை. கிறிஸ்துமஸுக்குப் புதுச் சேலை ஒன்று வந்தால், இருக்கிற மூன்றில் நைந்தது வெளியேறிவிடும். அதைக் கிழித்து, பானையில் வேகவைத்து, வெயிலில் உலர்த்தி மடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தொடங்கிச் செட்டியார்பட்டி வரை எத்தனையோ பிள்ளைகளின் உடம்பில் இந்த உலகத்தில் முதலில் பட்ட துணி, பரிபூரணத்தின் பழைய சேலைதான்.

வருஷக் கடைசியில் அலமாரியில் உள்ள அத்தனையையும் முற்றத்துப் பாயில் இறக்கி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விசாரிப்பாள். "ஒன்னைய இந்த வருசம் எதுக்கு எடுத்தேன்?" பதில் கிடைக்காத சாமான் அன்று பொழுது சாய்வதற்குள் யார் வீட்டுக்காவது போய்விடும். கொழும்பிலிருந்து தம்பி ஞானதுரை ஆசையாகக் கொண்டுவந்த சுவர்க்கடிகாரம்கூட அப்படித்தான் போயிற்று. கோயில் மணியும் மில் சங்கும் இருக்கும்போது மூன்றாவதாக ஒன்று எதற்கு என்று கேட்டாளாம். தம்பி இரண்டு வருஷம் கடிதம் போடவில்லை.

பிரசவம் பார்க்க ஒத்துக்கொண்ட வீட்டுக்கு ஏழாம் மாதமே ஒரு நடை போய்விடுவாள். கர்ப்பிணியின் கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால், பிள்ளை பெறப்போகிற அறையின் வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பாள்.

"வெளக்கு வைக்க எடம் இருக்கா?"

பெரும்பாலும் இருக்காது. நம் வீடுகளில் பிள்ளை பிறக்கிற அறை எது? வேறெதற்கும் ஆகாத அறை. ஓட்டை விழுந்த ஓலைக் கடகப்பெட்டிகளும், பருத்திச் சாக்குகளும், காதறுந்த அண்டாக்களும், யாரோ எப்போதோ வேண்டும் என்று எடுத்து வைத்த எல்லாமும் வாழ்கிற அறை. அவற்றுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்கு இடம் ஒதுக்கி, உலகத்துக்கு ஓர் உயிரைக் கொண்டுவருகிறவளைப் படுக்க வைக்கிறோம். பரிபூரணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். பகல் முழுக்க நின்று, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக் கேட்டே அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவாள்.

செட்டியார்பட்டி பாலம்மாள் வீட்டில்தான் அது நடக்கவில்லை.

பாலம்மாளின் மகன் சங்கிலிப்பாண்டிக்குப் பஞ்சு அரவை ஆலையில் வேலை. மருமகள் செல்லத்தாய் தாயில்லாத பெண். அதனால் தலைப்பிரசவமும் மாமியார் வீட்டிலேயே ஆயிற்று. அப்போது நர்ஸம்மாவைக் கூப்பிடவில்லை. இருட்டில், கைக்கு அகப்பட்டதை வைத்துத் தொப்புள்கொடியை அறுத்தார்கள். ஏழாம் நாள் பிள்ளைக்கு வலிப்புக் கண்டது. எட்டாம் நாள் தொட்டிலை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாதத்தில், மறுபடியும் ஏழு மாத வயிற்றோடு நின்றாள் செல்லத்தாய்.

பரிபூரணம் அந்த அறை வாசலில் நின்று தன் கேள்வியைக் கேட்டாள். உள்ளே காலை வைக்கவே இடமில்லை. கலப்பைகள், தானியம் புடைக்கிற சொளகுகள், பானைக்குள் பானையாக ஏழெட்டு அடுக்குகள், கால் ஒடிந்த தொட்டில், அடி போன மரப்பெட்டிகள். முன்கட்டிலோ ஆட்கள் படுக்கவே இடம் போதாது. பின்னால் தொழுவில் மாடுகள்.

எல்லாவற்றையும் வெளியேற்றிவிடலாம் என்று அவள் சொன்னதும் பாலம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பாலம்மாளுக்கோ அது வழக்கம் மட்டுமல்ல.

"போன தடவ இவ மாசமா இருக்கையில, பழைய வண்டிச் சக்கரத்தைக் கேட்டாவன்னு தூக்கிக் கொடுத்துட்டேன், நர்ஸம்மா. அது இன்னைக்கும் அவிய வீட்டுல உருளுது. எம் பேரன் போயிட்டான். இந்தத் தடவ ஒரு சொளகுகூட இந்த வாசலத் தாண்டாது."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக அந்தக் கிழவியின் மார்பை அரித்துக்கொண்டிருந்த சக்கரம் அது. யாரிடமும் சொல்லாமல் தன் கையைத் தானே சபித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள் என்பது பரிபூரணத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் வாதம் செய்யவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"அக்கா, எனக்கு இரவல் தருவீகளா?"

"எதை?"

"இந்த அறையில கெடக்குத அம்புட்டையும்."

இரவல் கொடுத்த பொருள் வீட்டை விட்டுப் போனதாகாது. பக்கத்து வீட்டு அடுப்பில் ஏறினாலும் அது நம் பானைதான். இது பாலம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் நர்ஸம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். ரெண்டு தம்ளர் வச்சிருக்குத மனுஷிக்கு எங்க வீட்டு ஒடைசல் என்னத்துக்கு, யாரு பெத்தா உங்களுக்கு என்ன என்று வெடுக்கென்று கேட்டுவிட்டாள்.

பரிபூரணம் தன்னைப் பற்றிப் பேசுகிறவள் அல்ல. அன்று பேசினாள்.

"வன்னியம்பட்டியில எனக்கும் ஒண்ணு பொறந்திச்சு, அக்கா. பருத்தி விதைச் சாக்குக்கு நடுவுல. கொடி கழுத்துல சுத்தியிருந்திருக்கு. வெளக்கு வாசல்லதான் இருந்துச்சு. உள்ள கொண்டாந்து வைக்க ஒரு சாண் எடம் இல்ல. எடம் பண்ணி வெளக்கு வந்தப்போ, அழாத பிள்ளையைத்தான் பாத்தோம்."

பாலம்மாள் வாசலை விட்டு நகர்ந்தாள்.

மறுநாள் வண்டிக்காரர் தவசிமுத்து இரண்டு நடை அடித்தார். "என்ன நர்ஸம்மா, ரெண்டு தம்ளருக்கும் துணைக்கு ஆள் சேக்குதீகளா?" என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். எதிர்வீட்டு ராஜு குடும்பத்து அம்மாள் வாசலுக்கு வந்து பார்த்து, தெலுங்கில், "ஏமம்மா, அங்கடி பெட்டினாவா?" என்றாள். கடை வைத்துவிட்டாயா என்று கேட்பதில் நியாயம் இருந்தது. கூரை வரைக்கும் சாமான். தாழ்வாரத்திலும் முற்றத்திலும் சாமான். பரிபூரணம் படுக்க ஒரு பாய் அகலம்தான் மிஞ்சியது. ஒருநாள் விடிகாலையில் ஆள் வந்து கூப்பிட்டபோது, அலமாரிக்கு முன்னால் நின்ற அண்டாவை நகர்த்திப் பையை எடுக்கவே கால்மணி நேரமாயிற்று. அன்றிலிருந்து பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இரவல் சாமான் என்பதால் ஒரு சொளகைக்கூட யாருக்கும் கொடுக்க முடியாது. அந்தச் சந்தில் ஒரு வீட்டிலும் அத்தனை குப்பை கிடையாது.

அங்கே செட்டியார்பட்டியில், காலியான அறையில் இரண்டு தேள்களும் ஒரு ஜன்னலும் கிடைத்தன. தேளை அடித்தார்கள். ஜன்னலைப் பார்த்துத்தான் எல்லாரும் திகைத்து நின்றார்கள். அப்படி ஒன்று இருப்பதே சங்கிலிப்பாண்டிக்குத் தெரியாது. மணப்பெண்ணாக வந்த வருஷத்தில் பார்த்ததாகப் பாலம்மாளுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. துருவேறிய கொக்கியை அம்மிக் குழவியால் தட்டித்தான் திறந்தார்கள்.

ஆனி மாதக் கடைசியில், ஒரு மழை இருட்டுக் காலையில், செல்லத்தாய்க்கு வலி கண்டது. பரிபூரணம் வந்து ஜன்னலைத் திறந்தாள். வானம் கறுத்திருந்தது. விளக்கை ஏற்றச் சொல்லி, கழுவிய தரையில், தனக்கு வேண்டிய இடத்தில் வைத்தாள். "ஏட்டி, பயப்படாத. வெளக்கைப் பாத்துக்கிட்டே மூச்சு விடு" என்றாள்.

தலை வந்தது. கழுத்தில் கொடி, இரண்டு சுற்று.

இருபது வருஷத்துக்கு முன்னால் வாசலோடு நின்றுபோன வெளிச்சம் இன்று பரிபூரணத்தின் முழங்கைக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு விரலை நுழைத்து, ஒரு சுற்றைத் தளர்த்தித் தலைவழியே எடுத்தாள். பிறகு மற்றதை. பிள்ளை வெளியே வந்தது; நீலம் பாரித்திருந்தது; அழவில்லை. பழைய வெள்ளைச் சேலைத் துணியால் முதுகைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். வாசலுக்கு வெளியே பாலம்மாள் ஒரு தெய்வம் பாக்கி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நர்ஸம்மாவின் தெய்வத்தையும் ஒருமுறை கூப்பிட்டாள். மூன்றாவது தேய்ப்பில், பெண் பிள்ளை ஒன்று வீடு முழுக்கக் கேட்கும்படி அழுதது.

ஏழாம் நாள் பரிபூரணம் காலையிலேயே போய், சாயங்காலம் வரை தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாளும் போனாள். ஒன்பதாம் நாள் பாலம்மாளே சிரித்துக்கொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க, அவ நல்லாத்தான் இருக்கா" என்று அனுப்பிவைத்தாள்.

இரவல் சாமான் திரும்பிப் போக வேண்டுமே? ஆடியில் ஆள் அனுப்பினாள். ஆடி மாதம் சாமான் வீட்டுக்குள் ஏறக் கூடாது என்று பதில் வந்தது. ஆவணியில் வண்டி மாட்டுக்குக் கால் சரியில்லை. புரட்டாசி ஆகாத மாதம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை. மார்கழியும் ஆகாத மாதம் என்று சேதி வந்தபோது தவசிமுத்து சொன்னார்: "நர்ஸம்மா, அந்தக் கிழவி இப்ப அந்த அறையிலதான் படுக்குது. ஜன்னல் பக்கமாத் தலையை வச்சுக்கிட்டு, பேத்தியையும் பக்கத்துல போட்டுக்கிட்டு. இனி நல்ல மாசம் பொறக்கும்னு நெனைக்காதீக."

அந்த வருஷக் கடைசியில் பரிபூரணம் முற்றத்தில் பாய் விரிக்கவில்லை. விரிக்க முற்றத்தில் இடம் இல்லை.

பொங்கலுக்கு முந்தின நாள், வீடுகளெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பாலம்மாள் வந்து இறங்கினாள். கூடவே பிள்ளையோடு செல்லத்தாய். பரிபூரணம் ஒரு தம்ளரில் காப்பி கொடுத்தாள். மாமியார் குடித்து முடிக்கும்வரை மருமகள் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

பாலம்மாள் எழுந்து அந்தக் குவியலைச் சுற்றி வந்தாள். தன் வீட்டுச் சாமான்களை இன்னொருத்தி வீட்டில், பகல் வெளிச்சத்தில், முதல் தடவையாகப் பார்த்தாள்.

"இம்புட்டுமா எங்க வீட்டுல கெடந்துச்சு?"

பிறகு சந்தில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தாள். அண்டா ஒரு வீட்டுக்கு, பானைகள் ஒரு வீட்டுக்கு, மரமெல்லாம் பொங்கல் அடுப்புக்கு. எதிர்வீட்டு அம்மாள் இரண்டு சொளகு எடுத்துக்கொண்டாள். கால் ஒடிந்த தொட்டிலை, கால் வைத்துக்கொள்கிறேன் என்று தவசிமுத்து கேட்டு வாங்கிக்கொண்டார். இப்படிக் கொடுக்கலாமா, சாஸ்திரம் என்ன சொல்லும் என்று பரிபூரணம் மெல்லச் சீண்டினாள். பாலம்மாள் முகத்தை நேராக வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுல இருந்தா போகுது? உங்க வீட்டுல இருந்துல்லா போகுது."

பொழுது சாயும்போது அறை அறையாகியிருந்தது. கடைசியாக நின்ற மரப்பெட்டியின் அடியில் கையை விட்டு, பாலம்மாள் எதையோ எடுத்தாள். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பித்தளைத் தம்ளர். சங்கிலிப்பாண்டி பால் குடித்த தம்ளராம். தலைப்பேரனுக்கென்று தேடித் தேடிக் கிடைக்காமல் போனதாம். அதைச் சற்று நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். பேத்தியிடம் நீட்டப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"இது இங்க இருக்கட்டும், நர்ஸம்மா. அவ நடந்து வருவா. வந்தா குடிக்க வேணும்லா."

தனக்கென்று யார் எதைக் கொடுத்தாலும், வழக்கமான ஒரு சிரிப்போடு மறுத்துவிடுகிறவள் பரிபூரணம். தம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதுக்கு என்று கேட்க வாய் திறந்தாள், கேட்கவில்லை. வண்டி சந்து முனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு முற்றத்துக்குப் போய், சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, உதறி, கீழ்த்தட்டில் அந்த இரண்டு தம்ளர்களுக்கும் நடுவே கொஞ்சம் இடம் பண்ணி, அதைக் கவிழ்த்து வைத்தாள்.