பெட்டிக்கு வைத்த சந்தனம்

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நான் என் அம்மாவுக்குக் காதாக இருந்தேன். சம்பளமில்லாத வேலைதான். ஆனால் வரும்படிக்குக் குறைவில்லை.

எனக்கு நான்கு வயதிருக்கும்போது வந்த ஒரு காய்ச்சல் அம்மாவின் செவியை முக்கால்வாசி கொண்டுபோய்விட்டது. எதிரில் நின்று மெதுவாகப் பேசினால் வாயைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொள்வாள். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது. ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், அடுத்த வீட்டு அத்தை என்று ஆளாளுக்குப் படபடவென்று பேசுவதெல்லாம் என் வழியாகத்தான் அம்மாவுக்குப் போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்களே, எங்கள் வீட்டில் பூசாரி நான்தான். அத்தையின் குத்தல் பேச்சில் பாதியை விழுங்கிவிடுவேன். டீச்சர் என்னைப் பற்றிச் சொல்லும் புகாரை முழுதாகவே விழுங்கிவிடுவேன்.

இதில் பெரிய வேலை காலையில் இருந்தது. ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை கிராமத்துக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் அம்மாவுக்குப் பழம் பறிக்கும் வேலை. எட்டரை மணிக்கு ஸ்டோர் முன்னால் எல்லோரும் நிற்க, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பதில் சொல்லாதவருக்கு அன்று வேலை இல்லை. வெயில் காலத்தில் அம்மா அவர் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் ரைட்டரே தெரியமாட்டார், உதடு எங்கே தெரியும்? அப்பாவோ ஏற்காடு டவுனில் ஓட்டல் அடுப்படிக்கு விடியுமுன்பே போய்விடுவார். அதனால் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் பெயர் வந்ததும் உள்ளங்கையை ஓர் அமுக்கு அமுக்குவேன். "இருக்கறனுங்க!" என்று மலையே அதிரக் கத்துவாள். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினால் அங்கே மணி அடித்து முதல் பாடம் நடந்துகொண்டிருக்கும்.

இதைக் கவனித்த டீச்சர் யாரிடம் சொன்னாரோ, ஒரு நாள் சேலத்திலிருந்து ஓர் அம்மா வீடு தேடி வந்தார். காது கேளாதவர்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்தில் சமூக சேவகி. தோளில் பெரிய பை, சேறு படிந்த ரப்பர் செருப்பு. நாங்கள் அவரைச் சேலத்தம்மா என்றே கூப்பிட்டோம். வழக்கம்போல நான் நடுவில் போய் நின்றேன். அவர் என் தோளைத் தொட்டு மெல்ல நகர்த்திவிட்டு, வாசல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்க பொண்ணு தெனமும் மணி அடிச்சப்புறந்தான் வருதாமுங்க. என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அம்மாவிடம் பேச வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துப் பேசித்தான் எனக்குப் பழக்கம். இவர் அம்மாவைப் பார்த்தே பேசினார். எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மூன்று முறை அம்மாவைச் சேலத்துக்கு அழைத்துப் போய்ச் சோதனை செய்ய வைத்தார். பிறகு சிகரெட் பெட்டி அளவில் ஒரு காதுப் பெட்டி வந்தது. அதைத் துணிப் பையில் போட்டு நெஞ்சில் தொங்கவிட்டு, ஒயரைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். "அம்மா, கேக்குதா?" என்றேன். அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள்.

"உங்கொரலு இத்தன பெருசாயிருச்சா கண்ணு? நான் நாலு வயசுக் கொரலாவேயில்ல நெனச்சுட்டு இருந்தேன்" என்றவள் அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. வேலை போய்விட்டதே என்றிருந்தது.

போயே விட்டது. சேலத்தம்மா ரைட்டரிடம் பேசி அம்மாவை முன்வரிசையில் நிற்க வைத்தார். பனியிலும் அம்மா தானே கேட்டுத் தானே பதில் சொன்னாள். என்னை நேரத்தோடு பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினாள். அத்தையின் குத்தல் நேராக அம்மாவுக்குப் போனது, அம்மாவின் பதிலும் நேராக அத்தைக்கு வந்தது. டீச்சர் விஷயம் வெளியே வந்து எனக்கு விழுந்த அடியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை.

அப்போது ஆயுத பூஜை வந்தது. அப்பா செடி கழிக்கும் கவாத்துக் கத்தி, பழக்கூடை, ரேடியோ எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, அம்மாவின் பெட்டியையும் நடுவில் வைத்தார். வயிற்றுப்பாட்டுக்கு உதவுகிற சாமான் எதுவானாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். பெட்டியின் தலையில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். அவர் சூடம் எடுக்க உள்ளே போனபோது சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. பெட்டியின் முகத்தில் சத்தம் உள்ளே போகிற சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றின்மேல் விரல் நிறையச் சந்தனம் எடுத்து அழுத்தி அப்பினேன். பக்தி பாதி, பொறாமை பாதி. இப்போது நினைத்தால் பக்தி கால்வாசிகூடத் தேறாது.

பூஜைக்கு வைத்த பொட்டு என்று யாரும் அதைத் துடைக்கவில்லை. மறுநாள் நல்ல பனி. அம்மா முன்வரிசையில் நிற்க, ரைட்டர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. பனி விலகியபோது எல்லோரும் தோட்டத்துக்குள் போயிருக்க, அம்மா மட்டும் கூடையோடு நின்றிருந்தாளாம். அடுத்த நாளும் அப்படியே. அன்று சாயங்காலம் ரைட்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நானும் எத்தன நாளைக்குங்க பாக்கறது? இன்னொருக்கா இப்படியாச்சுன்னா பேர எடுத்துருவாங்க. அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது."

"மிசினு கெட்டுப்போச்சாட்ட இருக்குது. நாளைக்கிருந்து நீயே போ சாமி" என்றார் அப்பா என்னிடம்.

நான் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. மறுநாள் பனியில் நின்று அம்மாவின் கையை அமுக்கினேன். "இருக்கறனுங்க" என்றாள். மலை அதிரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வீட்டில் பெட்டியைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். மிச்சமிருந்த காதும் போய்விட்டது என்றே நினைத்திருக்கிறாள். அவள் சோறு சரியாகத் தின்னாததைப் பார்த்து எனக்கும் இறங்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இரண்டு நாள் கிடந்தேன்.

மூன்றாம் நாள் சேலத்தம்மா வந்தார். அப்பாவுக்கு அன்று லீவு. பெட்டியைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுக்குப் பொட்டு வெச்சது ஆருங்க?"

"நாந்தானுங்க" என்றார் அப்பா பெருமையாக. "எல்லாத்துக்கும் வெச்சனுங்க."

தலையில் இருந்த பொட்டு அப்பாவுடையது. ஓட்டைகளின்மேல் காய்ந்துபோயிருந்த சந்தனத்தில் பதிந்திருந்தது ஒரு சின்ன விரல். சேலத்தம்மா அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நான் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"சாமிக்கு வெக்கறது நல்லதுதானுங்க. அடுத்த வருசம் துணிப் பைக்கு வெச்சுருங்க, பெட்டிக்கு வேண்டாம்" என்றவர், பையிலிருந்து ஒரு சின்ன பிரஷ்ஷும் ஊசியும் எடுத்தார். ஒவ்வொரு ஓட்டையாகச் சுத்தம் செய்து அம்மாவின் காதில் மாட்டினார். அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். "தெனமும் இதையத் தொடச்சுக் குடுக்கறது உன்ற வேலை கண்ணு. உன்னைய நம்பித்தான் குடுத்துட்டுப் போறேன்."

நம்பி என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவளை நம்பினார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

புறப்படும்போது அம்மாவுக்கு எதிரே நின்று, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து நீளமாக ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டினாள், என்னைப் பார்த்தாள், தானும் குரல் இல்லாமல் பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நடுவில் நின்ற எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டில் காது கேளாதவள் நானாக இருந்தேன்.

மறுநாள் காலை, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க அம்மாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். பனியில் அவள் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ரைட்டர் பெயர் கூப்பிட்டார்.

"இருக்கறனுங்க!"

மலை அதிர்ந்தது. அம்மா திரும்பவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி விரித்துக் காத்திருந்தாள். நான் ஓடிப்போய் ஓர் அமுக்கு அமுக்கினேன். அவளும் திருப்பி அமுக்கிவிட்டு, "மணி அடிக்கறதுக்குள்ள ஓடு சாமி" என்றாள்.

பெட்டியில் இன்னும் ஏதோ கோளாறு இருக்கிறது, நான் இல்லாமல் அம்மாவுக்கு ஆகாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அவள் பதில் சொன்ன பிறகுதான் கையை நீட்டினாள் என்பது அன்று என் புத்தியில் ஏறவில்லை.