மட்டை மறைத்த விடைகள்

விடைகளை ஒரு கடதாசி மட்டைத்துண்டால் மூடிவிட்டுத்தான் கிறிஸ்ரி சேர் கணக்கைத் தொடுவார். சுன்னாகத்தில் அவர் படிப்பிக்கும் தனியார் கல்வி நிலையத்தில், பத்தாம் தரக் கணித வினாக்களை இப்போது கணினிதான் ஆக்குகிறது. பாடத்தின் பெயரைக் கொடுத்தால் வினா, தெரிவு செய்ய நான்கு விடைகள், கடைசிப் பக்கத்தில் தீர்வு எல்லாம் வந்து விழும். சேர் ஒவ்வொன்றையும் பேனையால் செய்து பார்ப்பார். தன் விடை கணினியின் தீர்வோடு ஒத்தால் சரி போடுவார்.

“உதுக்கு வெக்கமே இல்லை. பிழையையும் நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லும்,” என்பார் கணினியைக் காட்டி.

குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் எப்போதும் வெண்கட்டித் தூள். வகுப்பில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு: பிழை விட்டவர் கணக்கைக் கரும்பலகையில் திருத்தி எழுதி, கீழே தன் பெயரைப் போட வேண்டும். என் பெயரும் அங்கே அடிக்கடி கிடந்தது. “பேர் போட்ட பிழை திரும்பி வராது, பிள்ளை.”

உயர்தரப் பரீட்சை முடிவுக்கு வீட்டில் காத்திருக்கப் பொறுக்காமல், இப்போது நான் அங்கே வினாத்தாள் அச்சடிக்கிறேன்.

சென்ற மாதத் தாளில் ஒரு வினா பிழையாகிப்போனது. பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். நிலையத்தை நடத்தும் கோகுலன் சொல்லிவிட்டார்: “இன்னொண்டு பிழைச்சால் வகுப்பை வேறை ஆளிட்டைக் குடுப்பன், சேர். குறை நினையாதேங்கோ.” சேருக்கு இருப்பதே அந்த ஒரு வகுப்புத்தான்.

இந்தச் சனிக்கிழமை பரீட்சை. கோகுலன் வாசலை விட்டு அசையவில்லை. பாதி நேரத்தில் தனுசியா கையைத் தூக்கினாள்.

“சேர், தோட்டத்திலை வெங்காயம் கிண்டுற கணக்கு. ஆறு பேருக்குப் பத்து நாளெண்டால், நாலு பேருக்குப் பதினைஞ்சு நாள். ஆனால் விடையிலை பதினைஞ்சே இல்லை.”

“ஒரு நாள் மழை பெய்திருக்கும், பதினாறெண்டு போடடி,” என்றான் கடைசி வாங்கில் இருந்த டிலக்ஷன். எழுந்த சிரிப்பு சேரின் முகத்தைக் கண்டதும் அடங்கியது.

சேர் தன் தாளைப் பார்த்தார். அந்த வினாவுக்குச் சரி போட்டிருந்தது. கணினியின் தீர்விலும் பதினைந்து, அவர் செய்ததிலும் பதினைந்து. மட்டைக்குக் கீழே கிடந்த நான்கு விடைகளை மட்டும் அவர் பார்க்கவில்லை.

“என்ன சேர், பிழையோ?” வாசலிலிருந்து கோகுலன் கேட்டார்.

நான் கிட்டப் போய் மெல்லச் சொன்னேன். “கொம்பியூட்டர் விட்ட பிழையெண்டு சொல்லுங்கோவன், சேர்.”

“பேர் போட உதுக்குக் கையிருக்கோ?”

வெண்கட்டியை எடுத்தார். கணக்கை எழுதினார், பதினைந்து என்று முடித்தார். அதன் கீழே, வாசலில் நிற்பவருக்கும் தெரியும்படி, தன் முழுப் பெயரையும் எழுதினார்.