லேமினேஷனுக்குள் இருந்த கடிதம்

தேவானை அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவருடைய கணவர் கோதண்டபாணி பம்பாய்க்குக் கட்டட வேலைக்குப் போனபோது, அங்கிருந்து எழுதிய கடிதங்களைப் படித்துச் சொல்ல எதிர்வீட்டிலிருந்த என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன்.

கோதண்டபாணி அங்கேயே சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். மகள் நிலாவுக்கு அப்போது ஒரு வயது. அபிராமபுரத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து அக்கா அவளை வளர்த்தார்.

எங்கள் வீடுகள் அடையாற்றங்கரையில் இருக்கின்றன. எப்போது காலி செய்யச் சொன்னாலும், எத்தனை வருடமாக இருக்கிறாய் என்று அத்தாட்சி கேட்பார்கள். முகவரியும் தபால் முத்திரையும் உறைமேல்தான் இருக்கும். அதனால் அக்கா உறைகளுக்கு மட்டும் லேமினேஷன் போட்டு வைத்தார். ஆறு பெருகி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த அன்று அவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். கடிதங்கள் தண்ணீரோடு போயின.

போன மாதம் நிலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

“நைனா எழுதினத எம் புள்ளைக்குக் காட்டணும், எடும்மா” என்று கேட்டாள். அக்கா உறைகளைக் கொடுத்தார்.

“அட்ரஸ்தான் கீது. லெட்டரு எங்க?”

“அதான் அப்பவே படிச்சாச்சே. அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?”

நிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் உறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்று மட்டும் நீலமாக இருந்தது. இன்லாண்டு லெட்டர், உறையும் கடிதமும் ஒரே தாள். மடித்தபடியே லேமினேஷன் போட்டிருந்தார்கள்.

“அக்கா, இதுக்குள்ள எழுத்து கீது.”

மூவரும் மந்தைவெளி ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஷஃபியுல்லா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எவன்மா இத மடிச்சிக்கினே போட்டது?”

“நீதான் பாய்” என்றார் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. “பிளாஸ்டிக்க உரிச்சா கிழிஞ்சிடும். ஓரத்த மட்டும் அறுக்கறேன். உள்ள ஒட்டினு இருந்தா என்னைக் கேக்கக்கூடாது.”

“இருக்கறதுலயே பழைய ப்ரூஃபு அதான்” என்றார் அக்கா. பிறகு மகளைப் பார்த்தார். “அறு பாய்.”

ஸ்கேல் வைத்து பிளேடால் மூன்று பக்கமும் அறுத்தார். காகிதம் ஒட்டவில்லை, விரிந்தது. நிலா நின்றபடியே படித்தாள். கூரைக்கு ஓலை மாற்றச் சொல்லியிருந்தார். குழந்தைக்குச் சளி விட்டதா என்று கேட்டிருந்தார். கடைசியில் குரல் தயங்கியது.

“தேவானை, உன் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். வந்ததும் நூறு முத்தம் கொடுப்பேன். யார் படித்தாலும் சரி.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “இன்னாடி, இத நீ படிக்கவே இல்லியே?”

“வெக்கமா இருந்துச்சிக்கா. சின்னப் பொண்ணு நான்.”

“அடிப்பாவி! அப்ப மத்ததுல இன்னா இன்னாத்த முழுங்கின?”

நிலா கடையிலேயே ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வாங்கினாள். “ஞாபகம் கீற வரைக்கும் சொல்லு சித்தி.”

நான் பாயைப் பார்த்தேன். அவர் மிஷினுக்குக் காகிதம் போடுவதுபோலத் திரும்பிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.