ஓரம் போகாத சைக்கிள்

குழந்தைகளே, நான் மினி வேன் ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் கணபதி என்ற பகுதியில் பம்பு உதிரிப் பாகங்களை ஏற்றிப் போய்க் காந்திபுரம் கடைகளில் இறக்குவது என் வேலை.

ஒரு நாள் காலை, கூட்டமான கடைவீதியில் ஓர் அம்மா எனக்கு முன்னால் சாலையின் நடுவே சைக்கிளில் போனார். ஹாரனை விடாமல் அழுத்தினேன். அவர் பதறி இடது ஓரம் ஒதுங்கினார். நான் முந்தும்போதே அவருடைய முன்சக்கரம் மண்ணில் புதைந்து, சைக்கிளோடு என் வண்டிப் பக்கம் விழுந்தார். பிரேக்கை மிதித்தேன். அவர் தலைக்கும் என் டயருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

தப்பு என்னுடையது. ஆனால் கத்தியதும் நான்தான். "ஏனுங்க, ஓரமாப் போகத் தெரியாதுங்களா?"

அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "ஓரத்துல குழாய்க்குத் தோண்டி மூடின மண்ணுங்கண்ணா. எறங்கி நின்னு பாருங்க."

இறங்கினேன். கணுக்கால் வரை புதைந்தது.

"உங்க காலே நிக்கலை, என்ற சைக்கிள் நிக்குமுங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்டு, சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் சைக்கிள் நடுவில் போனால், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிகிறது என்று நினைத்து, ஹாரனைத் தொடாமல் பின்னாலேயே போகிறேன். அதனால் ஒரு கடைக்கும் சரக்கு போய்ச் சேராமல் இருந்ததில்லை.