துரை பங்களாவின் புத்தக அறை

ஐரோப்பிய இடைக்கால நாடகங்கள் பற்றிய பழைய நூலொன்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் திறந்ததும் எழுந்த பூஞ்சை வாடை, என்னைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவுக்கு இழுத்துப் போனது. தொழிலாளர் லயத்தில் குடியிருந்த அம்மா அங்கே தரை துடைப்பார். பனி படிந்த சன்னல்களும் மெழுகு மணக்கும் மரத்தரையும் கூரைவரை புத்தகங்களுமாக இருந்த அறையில், புத்தகமொன்றில் இருந்த, வண்டிமேல் மேடை கட்டிப் பேய் வேஷத்தில் ஆடும் மனிதர்களின் படத்தைப் பள்ளி விட்டதும் போய்ப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

ஒருநாள், தோட்டத்துக் கணக்கு எழுதும் அலுவலகக் கிராணி அந்தப் புத்தகத்தைப் பிடுங்கினார்.

“லயத்துப் புள்ளைக்கு வெள்ளைக்காரன் புஸ்தகம் எதுக்குலா?”

“சும்மா பாக்குதுங்கய்யா,” என்றார் அம்மா.

“கொழுந்து பறிக்கப் போறவளுக்கு என்ன பார்வை?”

பின்னர் பங்களா விடுதியானபோது, அந்தப் புத்தகங்களை எரித்துத்தான் குளிக்க வெந்நீர் போட்டார்கள். யாரும் படிக்காத புத்தகங்களாம். படிக்க விட்டார்களா?

இன்று அதே நாடகங்களைத்தான் மாணவர்களுக்கு நடத்துகிறேன். சென்ற மாதம் அம்மாவோடு அந்த விடுதிக்குத் தேநீர் குடிக்கப் போனேன். பழைய புத்தக அறையின் சுவரில் புத்தக வரிசைகள் அச்சிட்ட தாளை ஒட்டியிருந்தார்கள். அம்மா தடவிப் பார்த்து, “வெறும் காயிதம்லா,” என்றார்.

நகத்தால் அதன் ஓரத்தைக் கிழித்தேன். அம்மா தடுக்கவில்லை.