கண்ணாடி மாளிகையில் பெரியம்மா

போன மாதம் என் மகள் சென்னையில் ஒரு கலைக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். அறை முழுக்கக் கண்ணாடி. சுவர் எது, வழி எது, தரை எங்கே முடிகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது. விறுவிறுவென்று வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அது என் சின்ன வயசு. அறுவடைக் கூலித் தகராறில் பெரியப்பாவைத் திருச்சி ஜெயிலில் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கே வந்து தன்னைப் பார்க்கவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். பிள்ளை குட்டி இல்லாத பெரியம்மா நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் ஒற்றையாகக் கிடந்தாள். நான் தஞ்சாவூரில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். அரசாங்கப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். கொஞ்சம் மனசு மாறட்டுமே என்று அவளை வரவழைத்து, அங்கிருந்த கண்ணாடி மாளிகைக்குள் இழுத்துப்போனேன்.

நான் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா சட்டென்று ஒதுங்கி நின்று, “வாங்க, நீங்க போங்க” என்றாள். எதிரே வந்த பெண்ணும் ஒதுங்கினாள். இவள் மறுபக்கம் நகர, அவளும் நகர்ந்தாள். வரப்பில் எதிரே ஆள் வந்தால் சேற்றில் இறங்கி வழிவிட்டே வளர்ந்தவள் பெரியம்மா. அவள் கால்களுக்கு வேறு பழக்கம் கிடையாது.

“ஏண்டி, வழி விட்டாலும் போகமாட்டேங்குதே இந்தக் கெழவி! பாவம், கூட யாரும் வரல போல.”

“ஐயோ பெரியம்மா, அது நீதான்!” என்று விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு அப்போது புத்தி அவ்வளவுதான்.

உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பொட்டு வைக்கிற அளவுக்கு மட்டும் தன்னைப் பார்த்திருந்தவள், கிட்டே போய் நின்றாள். சுற்றிலும் இருபது முப்பது பெரியம்மாக்கள். எல்லா முகமும் ஒடுங்கிக் கிடந்தது.

“நானாடி? இப்படியா ஆயிட்டேன்? அவரு வந்தா என்னை அடையாளம் தெரியுமாடி?”

“தெரியாம என்ன?” என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் கவலை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே கேட்டாள்.

அடுத்த வருஷம் பெரியப்பாவை விட்டார்கள். நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் இறங்குவதைப் பார்த்து நான் கையைத் தூக்கினேன். பெரியம்மா என்னைப் பின்னால் தள்ளினாள்.

“சும்மா இரு. அவரே பார்க்கட்டும்.”

பெரியப்பா ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே வந்தார். பெரியம்மாவை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, அவளைத் தாண்டித் தேடிக்கொண்டு போனார்.

“இங்கதாங்க இருக்கேன்” என்று பெரியம்மா சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.